குறையே இல்லை என்று முத்திரை வாங்கிய கார்

காரை வாங்கியவள் நான், ஓட்டுகிறவளும் நான்தான். இருந்தும் அந்தக் காரைப் பற்றி நான் எதைக் கேட்டாலும் பதில் என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் வரும். விற்றவர் அப்படித்தான் செய்தார், ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான். இதில் எனக்கு முதலிலிருந்தே எரிச்சல் உண்டு என்பதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். பிற்பாடு நான் கத்திய கத்தலுக்கு அதுவும் ஒரு காரணம்.

நான் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு ஆம்பூரில். இருபது வருஷம் பஸ்ஸிலும் ரயிலிலும் நின்றுகொண்டே போய்வந்து, இடுப்பு தகராறு செய்ய ஆரம்பித்த பிறகு, நாற்பத்தாறாவது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சத்துவாச்சாரியில் ஒரு கல்லூரி ஆசிரியர் மாற்றலாகிப் போகிறார், கார் விற்கிறார் என்று வார்டில் ஒருத்தி சொன்னாள். போய்ப் பார்த்தோம். வண்டிக்கு மூன்று வயதுகூட முடியவில்லை. பின் சீட்டில் ஷோரூம் பிளாஸ்டிக்கைக்கூட அவர் கழற்றியிருக்கவில்லை. “கம்பெனி வாரண்டி இன்னும் பாக்கி இருக்கு சார்” என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். என் சேமிப்பு அத்தனையையும் பையில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

வாங்கி இரண்டு வாரம் இருக்கும். பள்ளிகொண்டாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி இடது பக்கம் திருப்பினேன். ஸ்டீயரிங் வரவில்லை. அம்மிக்கல்லை நகர்த்துகிற மாதிரி கனத்தது. உடம்பின் பலத்தையெல்லாம் தோளில் ஏற்றி இழுத்துத் திருப்பினேன். முன்னால் ஸ்டீயரிங் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. ஓரம்கட்டி, அணைத்து, மறுபடி சாவி போட்டேன். விளக்கைக் காணோம். ஸ்டீயரிங் ஒற்றை விரலுக்குச் சுற்றியது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் டீயை உறிஞ்சிக்கொண்டே பதில் சொன்னார்.

“புதுசா ஓட்டறல்ல, கை பயப்படுது. போகப் போகச் சரியாய்டும்.”

“விளக்கு எரிஞ்சுதுங்க. என் கை பயந்தா விளக்கு எரியுமா?”

“அணைச்சிப் போட்டதும் போய்டுச்சில்ல? அப்புறம் இன்னா?”

அப்புறம் இன்னா என்றால், அடுத்த வாரம் மறுபடி வந்தது. அதற்கடுத்த முறை எங்கள் தெருமுனையிலேயே வந்தது. திருப்ப முடியாமல் எங்கள் வீட்டு கேட் தூணிலேயே இடது முன்பக்கத்தை உரசினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. லைசென்ஸ் இல்லாதவர்கள்கூட எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். ஓட்டப் பழக்கிய மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டால், “லேடீஸ் எப்பவும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிப்பாங்க மேடம், லூசா விடுங்க” என்று போனிலேயே வைத்தியம் சொன்னார். நோயாளி வலிக்கிறது என்று சொன்னால், முதலில் வலி இருக்கிறது என்று எழுதிக்கொள்ளத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கார் விஷயத்தில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை.

நான்காவது முறையும் வந்த அன்று, காரோடு கொடுத்த ஃபைலை எடுத்து உட்கார்ந்து படித்தேன். வாரண்டி, நாங்கள் வாங்கிய தேதியிலிருந்து கணக்கு இல்லை. அந்த ஆசிரியர் ஷோரூமிலிருந்து எடுத்த நாளிலிருந்து மூன்று வருஷம். முடிய இன்னும் ஒன்பது நாள். ஸ்டீயரிங்கின் பாகங்களும் அதில் அடக்கம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அந்த ஒன்பது நாளுக்குள் குறையை அவர்கள் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்தால் செலவில்லாமல் மாற்றிக் கொடுப்பார்கள். தவறினால் எங்கள் தலையில். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், செலவைவிட எனக்கு வேறொன்று பெரிதாக இருந்தது. குறை வண்டியிலா, என் கையிலா? நாற்பத்தாறு வயதில், கூட்டத்தில் இடிபடாமல் வேலைக்குப் போகலாம் என்று ஆசைப்பட்டது தப்பா சரியா? அதை ஒரு தாளில் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும்.

வேலூரில் இருக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு போன் செய்து, வாரண்டி முடிவதற்குள் முழுச் சோதனை வேண்டும் என்று நாள் வாங்கினேன். வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் முகம் மாறியது. “இன்ஸ்பெக்‌ஷனா? எப்போ? நாளான்னைக்கா?” என்று பரபரத்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். இருபத்திரண்டு வருஷம். தைத்து, ஒட்டி வரும் ஷூவைக் கடைசியாகக் கையில் வாங்குகிறவர்கள் இவர்கள்தான். நீட்டிக்கொண்டிருக்கும் நூலை லைட்டரால் பொசுக்குவது, தோல் சுருக்கத்தைச் சூடான காற்று அடித்துத் தடவி எடுப்பது, கீறலுக்கு க்ரீம் ஏற்றுவது, மெழுகு போட்டு பளபளவென்று ஆக்குவது எல்லாம் அங்கேதான். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் இரண்டு நாளுக்கு அவர் மனுஷராக இருக்க மாட்டார். அந்த ஆள் பெட்டியைப் பிரித்து, ஜோடி ஜோடியாகத் திருப்பிப் பார்த்து, ஒரு குறையும் கண்ணில் படாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால்தான் இவருக்கு வீட்டில் சோறு இறங்கும். கண்ணில் பட்டுவிட்டால் சரக்கு திரும்பி வரும், திட்டு விழும். நல்ல மனுஷர், தொழிலில் கெட்டி. ஆனால் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் அவருக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்.

சோதனைக்கு முதல்நாள் டூட்டி முடித்து பஸ்ஸில் வந்து இறங்கினேன். வீட்டு வாசலில் புதுக் கார் நின்றது. யாரோ விருந்தாளி என்று நினைத்தேன். கிட்டே போய் நம்பரைப் பார்த்த பிறகுதான் எங்களுடையது என்று தெரிந்தது. டயரெல்லாம் கறுப்பு மை பூசினாற்போல் மின்னின. கேட் தூணில் உரசிய தழும்பு இருந்த இடமே தெரியவில்லை. சீட்டு ஓரத்தில் இருந்த சின்ன வெடிப்பை ஷூ கம்பெனி க்ரீம் வைத்து அடைத்து, மேலே மெழுகும் போட்டிருந்தார். கதவைத் திறந்தால் மல்லிகை வாசனை.

“இன்னாங்க இது?”

“இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போற வண்டிம்மா. அழுக்கோட அனுப்ப முடியுமா? நாலு பேர் பாப்பாங்க.”

சரி, கழுவித் துடைத்திருக்கிறார், பாசம்தான் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு நான் களைத்திருந்தேன்.

மறுநாள் இருவருமாக சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அங்கே எங்களுக்கு ஒதுக்கிய அட்வைசர், சின்ன வயசுக்காரர், கழுத்துப் பட்டி, கையில் டேப்லெட் கம்ப்யூட்டர். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எந்த இடம், எந்தப் பக்கம் திருப்பும்போது, விளக்கு எத்தனை நேரம் எரிந்தது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதியே கொண்டுபோயிருந்தேன். அவர் தலையாட்டிவிட்டு என் வீட்டுக்காரரிடம் திரும்பி, “வண்டியை சூப்பரா மெயின்டெயின் பண்றீங்க சார்” என்றார். இவர் வெட்கப்பட்டார்.

இரண்டு மணி நேரம் கழித்து அட்வைசர் தாளோடு வந்தார். வரிக்கு வரி ஓகே, ஓகே, ஓகே. கீழே முத்திரை.

“கம்ப்யூட்டர் மாட்டிப் பாத்தோம் சார். எந்தக் கம்ப்ளெயின்டும் இல்ல.”

“தம்பி, நாலு தடவை விளக்கு எரிஞ்சுது” என்றேன் நான்.

“எரிஞ்சிருந்தா வண்டியோட மெமரியில நின்னிருக்கும் மேடம். அணைச்சாலும் அழியாது. ஒரு தடவைகூட பதிவாகல.” பிறகு குரலை இறக்கி, ஆறுதல் சொல்கிறவர் மாதிரி, “திருப்பும்போது கொஞ்சம் ரிலாக்ஸா பிடிங்க. பழகிடும்” என்றார்.

யந்திரமே இல்லை என்கிறது. அப்படியானால் நான் பார்த்த விளக்கு என்ன? வயசாகிறது, தூக்கம் கெட்ட உடம்பு, எனக்குத்தான் ஏதோ ஆகிறதோ என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. திரும்பும்போது நீங்களே ஓட்டுங்கள் என்று சாவியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவரோ உற்சாகம் தாங்காமல், “பாஸு! ஒரு ரிமார்க் இல்ல பாத்தியா!” என்று வழியில் இனிப்பு வேறு வாங்கினார். நான் தொடவில்லை. அடுத்த இரண்டு நாள் பஸ்ஸில் போனேன்.

மூன்றாம் நாள் காலையில் பால் வாங்கப் போனபோது மெக்கானிக் பாய் எதிரில் வந்தார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஷெட் வைத்திருப்பவர். என் வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து தோஸ்த். ஸ்கூட்டரை நிறுத்தி முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார்.

“அண்ணி, வண்டி பாஸாய்டுச்சாமே! அண்ணன் சொன்னாரு. கடைசி நேரத்துல கொண்டாந்து விட்டாரு, பேஜார் பண்ணிட்டாரு. ஆனா முடிச்சுக் குடுத்துட்டேன்ல?”

“எதை பாய்?”

“எரரெல்லாம்தான். என் மெஷின மாட்டிப் பாத்தா ஜாஸ்தி இருந்துச்சு. ஸ்டீயரிங் மோட்டார் எரர் மட்டுமே நாலு தடவ. அந்த மோட்டார்தான் அண்ணி ஸ்டீயரிங்க லேசாக்குறது, அது நின்னா வெயிட்டு பூரா கையில வந்துடும். எல்லாத்தையும் அழிச்சி, சுத்தம் பண்ணித்தான் அனுப்புனேன்.”

பால் பையை நான் கீழே போடவில்லை, அவ்வளவுதான். நாலு தடவை. என் நோட்டில் எழுதியிருந்த அதே நாலு. கோபம் வருவதற்கு முன்னால், சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷம்தான் வந்தது. என் கண் சரி, என் கை சரி. நடுத்தெருவில் கண் கலங்கிவிட்டது. பாய் பயந்துபோனார். அந்த எரரைப் போட்டோ எடுத்தீர்களா என்று கேட்டேன். “அத எதுக்கு அண்ணி எடுக்கணும், அதான் போய்டுச்சே” என்றார்.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சந்தோஷம் தீர்ந்து கோபம் முழுசாக வந்துவிட்டது. அவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

“காய்ச்சல்காரனை டாக்டர்கிட்ட காட்டறதுக்கு முன்னால மாத்திரை குடுத்து, காய்ச்சலை இறக்கிக் கூட்டிட்டுப் போவாங்களா? சொல்லுங்க, போவாங்களா?”

பாதி முகத்தில் நுரையோடு திரும்பினார். “நான் நல்லதுக்குத்தான் பண்ணேன். அவ்ளோ எரரப் பாத்தா, நீங்கதான் ஓட்டிக் கெடுத்தீங்கன்னு வாரண்டியே இல்லைன்னுட்டா? ரிஜெக்ட் பண்ணிட்டா?”

“ரிஜெக்ட் பண்ணத்தாங்க கூட்டிட்டுப் போனோம்! குறைய அவங்க கண்டுபிடிச்சாத்தான் நமக்கு லாபம். இது உங்க ஷூ இல்ல. இங்க நாம பையரு!”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அது முகத்தில் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அந்தப் பக்கம் நின்று பார்த்ததே இல்லை. பிறகு தலையாட்டினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “ஆனாலும் உன் கையும் கொஞ்சம்…” என்று இழுத்தார். நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களோடு பேசினேன்.

சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அட்வைசர், “வெளி மெக்கானிக் வாயால சொல்றத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது மேடம். கம்ப்ளெயின்ட் திரும்ப வரணும். வந்தா அணைக்காதீங்க, லைட் எரியும்போதே கொண்டாந்துடுங்க” என்றார். பாக்கி நாலு நாள். கடைசி நாள் சனிக்கிழமை, ஐந்தரைக்கு மூடிவிடுவார்கள்.

அந்த நாலு நாள் மாதிரி ஒரு கூத்து என் வாழ்க்கையில் நடந்ததில்லை. கார் கெட வேண்டும் என்று ஜெபம் செய்தேன். ஆண்டவருக்கு இது புதுசாக இருந்திருக்கும். வேலைக்குப் போகும் வழியில் தேவையே இல்லாத தெருக்களில் புகுந்து இடது பக்கமாகத் திருப்பினேன். பேர்ணாம்பட்டு ரோட்டில் போய்த் திரும்பி வந்தேன். ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து செக்யூரிட்டி, “இடம் கிடைக்கலையாம்மா?” என்று கேட்டார். இடம் நிறைய இருந்தது. வண்டியோ தங்கமாக ஓடியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒருநாள் டயரை உதைத்தேன். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை, கட்டை விரல்தான் வீங்கியது.

சனிக்கிழமை எனக்குக் காலை டூட்டி. இரண்டு மணிக்கு முடித்து வெளியே வந்தால், என் வீட்டுக்காரர் அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி வந்து கார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “விரல் வீங்கிக்கிதுன்னியே, நான் ஓட்டறேன்” என்றார். இனி என்ன, எல்லாம் முடிந்தது என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பள்ளிகொண்டாவில் அவருக்கு இளநீர் குடிக்க வேண்டுமாம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி இடது பக்கம் ஒடித்தார்.

வண்டி ஒடியவில்லை. “ஏய், ஏய், இன்னா இது!” என்று கத்தினார். இளநீர் வண்டிக்காரர் காய்களை விட்டுவிட்டுக் குதித்து ஓடினார். இவர் சீட்டிலிருந்து பாதி எழுந்து, இரண்டு கையாலும் இழுத்து, பிரேக்கை மிதித்தார். காய்க் குவியலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம். மஞ்சள் விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததும் அவர் என்ன செய்தார் தெரியுமா? கை சாவிக்குப் போனது. அணைக்க.

“தொடாதீங்க!” என்று அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் துள்ளுகிற ஆட்களைப் பிடித்துப் பழகிய பிடி அது. “எறங்குங்க. இந்தப் பக்கம் வாங்க. நான் ஓட்டறேன்.”

“இத எப்படி ஓட்டுவே? கல்லு மாதிரி இருக்குதே!”

“ஒரு மாசமா அப்படித்தாங்க ஓட்டறேன்.”

அவர் இறங்கிச் சுற்றி வந்தார். நான் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பி, வேலூர்ப் பக்கம் ஏறினேன். நேர் ரோட்டில் அவ்வளவு தொல்லை இல்லை. திருப்பங்களில்தான் தோள் பிய்ந்துபோகிறாற்போல் வலித்தது, வீங்கிய விரல் வேறு பிரேக்கில் உயிரை வாங்கியது. இஞ்சின் நின்றுவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. விளக்கு மெமரியில் நிற்கும் என்று அவர்கள் சொன்னதை இனி நம்ப நான் தயாராக இல்லை. அவர் போனில் விளக்கைப் படம் எடுத்துக்கொண்டே வந்தார். ஐந்தாறு படம் எடுத்த பிறகு, “கை வலிக்குதாம்மா?” என்று கேட்டார். இந்தக் கேள்வியை ஒரு மாதம் முன்னால் கேட்டிருக்கலாம்.

சர்வீஸ் சென்டர் வாசலில் ஹாரனை அடித்து அட்வைசரை வெளியே வரவைத்தேன். இஞ்சின் ஓடும்போதே அவர் யந்திரத்தை மாட்டினார். திரையைப் பார்த்தார், தானே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தார். முகம் போன போக்கை நான் ரசித்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

“கன்ஃபர்ம்தான். மோட்டார் போய்டுச்சு. வாரண்டியில மாத்திடலாம்” என்றார். பிறகு உள்ளே போய் உட்கார்ந்து படிவத்தைத் திறந்துகொண்டு, வழக்கம்போல் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். “எப்போ சார் முதல்ல நோட் பண்ணீங்க?”

“இன்னைக்குத்தான் சார்” என்றார் அவர். “நான் ஓட்டும்போது.”

அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அவருக்கு அது அன்றைக்குத்தான் நடந்தது. என் வாயால் கேட்ட நாலு தடவையும் அவர் கணக்கில் நடக்கவே இல்லை.

“ஒரு மாசமா இருக்குது” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். “ஓட்டினது நான். இதோட அஞ்சு தடவை. போன தடவை உங்ககிட்டயே சொன்னேன். அப்படியே எழுதுங்க.”

அட்வைசர் பேனாவைத் தாளில் வைக்காமல், எழுதலாமா என்று கேட்பதுபோல் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தலை குனிந்து உள்ளங்கையில் சிவந்திருந்த கோட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அவங்க சொல்றத எழுதுங்க சார்” என்றார் மெதுவாக. “என்கிட்டயும் சொன்னாங்க.”

அட்வைசர் எழுதினார். எழுதி முடித்ததும் கையெழுத்துக்குத் தாளை அவரிடம்தான் நீட்டினார். நான் நடுவில் கையை விட்டு வாங்கி, ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்து, என் பெயரைப் போட்டேன்.